சூப்பர்-டகுமார் 50மிமீ எஃப்1.4: பிரித்துச் சரிசெய்யலாமா, உதிரிக்கு ஒதுக்கலாமா?

வெயில்நிழல் (கேள்வி)

வணக்கம். கேமராவில் திருகி மாட்டும் எம்42 மரை உள்ள, சூப்பர்-டகுமார் 50மிமீ எஃப்1.4 என்ற பழைய லென்ஸ் ஒன்றைப் பிரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். நிலைமை இது:

வெள்ளைத் தாள்மேல் வைத்தால் கண்ணாடி நன்றாகவே மஞ்சளாகத் தெரிகிறது. முன்பக்கக் கண்ணாடிகளுக்குள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நூல் நூலாகப் பூஞ்சை. அபர்ச்சர் பிளேடுகளில் (ஒளித்துளையைச் சுருக்கி விரிக்கும் தகடுகள்) எண்ணெய்ப் பளபளப்பு. ஆட்டோ நிலையில் (படம் எடுக்கும்போது கேமராவே பிளேடுகளை மூடும் நிலை) பின்பக்க ஊசியை அழுத்தினால் பிளேடுகள் சோம்பலாக மூடுகின்றன. ஃபோகஸ் வளையம் கனமாகச் சுற்றுகிறது, ஆனால் எங்கும் சிக்கவில்லை. 49மிமீ ஃபில்டர் வளையத்தில் ஒரு நசுங்கல். பின்கண்ணாடியில் 3 மிமீ நீளத்துக்கு ஒரு கீறல்.

ஸ்பாட்மேட்டிக் ஃபிலிம் கேமராவிலும் மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவிலும் பயன்படுத்த எண்ணம். வாட்ச் ஸ்க்ரூடிரைவர் தவிர வேறு கருவி கையில் இல்லை. இவற்றில் எது உண்மையான சேதம், எது வெறும் அழுக்கு? எந்த அறிகுறி தெரிந்தால் கைவிட வேண்டும்?

---

மரைப்பிடி

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்க. பிரிக்காமலே முக்கால்வாசி முடிவை எடுத்துடலாம்.

இந்த லென்ஸில் கண்ணாடி அடுக்கு எப்படின்னு முதலில் மனசுல வாங்கிக்கோங்க. பிளேடுகளுக்கு முன்னால மூன்று தனிக்கண்ணாடி. பின்னால ஒரு டப்ளெட், அதாவது இரண்டு கண்ணாடியைப் பிசினால ஒட்டினது. அதற்கப்புறம் இரண்டு தனிக்கண்ணாடி. ஆக ஏழு கண்ணாடி, ஆறு குழு. ஒட்டு இருப்பது ஒரே இடத்துலதான், அதுவும் பிளேடுக்கு நேர் பின்னால. நீங்க சொல்ற பூஞ்சை முன்குழுவில் மட்டும்னா அது தனிக்கண்ணாடியில் இருக்கு. வெளியே எடுத்துத் துடைக்க முடியும். உயிர்நாடி அந்த டப்ளெட்தான்.

இருட்டறையில் எம் நிலைக்கு (வளையத்தாலயே பிளேடைத் திறந்து மூடுற நிலை) மாத்தி, முழுசாத் திறந்த 1.4இல் வையுங்க. சின்ன எல்இடி டார்ச்சைப் பின்பக்கம் நேராப் பிடிக்காம சாய்வாப் பிடிச்சு முன்னால இருந்து பாருங்க. அப்புறம் திருப்பிப் போட்டு அதே மாதிரி. நேராப் பிடிச்சா எல்லா லென்ஸும் குப்பையாத்தான் தெரியும். தூசிப் பொட்டைக் கணக்கில் எடுக்காதீங்க, அது படத்துல வராது.

தேட வேண்டியது நாலு.

நூல், வேர் மாதிரி கிளைவிட்டது: பூஞ்சை. சீரான பால் படலம்: கிரீஸிலிருந்து ஆவியாகி வந்து படிஞ்ச மூட்டம். பிளேடுக்கு இரு பக்கமும் இருக்கிற கண்ணாடிப் பரப்புகளில்தான் அது முதலில் வரும். ஓரத்தில் வானவில் நிறப் பட்டை, இல்லைன்னா உள்ளே பளிச்னு மின்னும் திட்டு: டப்ளெட் ஒட்டு விட்டிருக்கு. எல்லாத் திசையிலும் மெல்லிய கோடுகள்: யாரோ சட்டைத் துணியால் துடைச்ச தடம்.

எந்தப் பரப்புல இருக்குன்னு தெரியலையா? முன்னால இருந்து பார்த்துக்கிட்டே அபர்ச்சரை 16க்குச் சுருக்குங்க. கறை பிளேடுக்குப் பின்னால மறைஞ்சா அது பின்குழுவில். மறையலைன்னா முன்குழுவில்.

நசுங்கல் இருக்கிறதால இன்னொரு சோதனையும் அவசியம். கீழே விழுந்த லென்ஸில் கண்ணாடி மையம் விலகியிருக்கலாம். ராத்திரியில் ட்ரைபாட் போட்டு, தூரத்துத் தெருவிளக்கு ஒன்றை 1.4இல், சட்டத்தின் நாலு மூலைக்கும் ஒவ்வொண்ணா நகர்த்திப் படம் எடுங்க. நாலு மூலையிலும் ஒளிப்பொட்டு கெட்டுத்தான் போகும், ஆனா ஒரே அளவுக்குக் கெடணும். ஒரு பக்கம் மட்டும் வால் நீண்டு இழுத்தா மையம் போச்சு. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

அந்தச் சோதனையின்போதே விளக்கு கூர்மையா விழும் இடத்தில் ஃபோகஸ் வளையம் எங்கே நிக்குதுன்னு குறிச்சு வையுங்க. மிரர்லெஸ்ஸில் மாட்டுறதுக்கான எம்42 அடாப்டர் நிறைய கொஞ்சம் மெல்லிசா இருக்கும்; வளையம் முடிவிலிக் குறியைத் தொடுறதுக்கு முன்னாலயே விளக்கு கூர்மையாயிடும். இந்தக் குறிப்பு இல்லாம பிரிச்சா, பின்னாடி தப்பு உங்க வேலையிலயா அடாப்டரிலயான்னு தெரியாது.

---

தோரியவெளிச்சம்

மஞ்சளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதை இந்தக் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம்.

இந்த வரிசையில் முதலில் வந்த எட்டுக் கண்ணாடி வடிவத்தில் தோரியம் இல்லை. பின்னர் வந்த ஏழு கண்ணாடி வடிவத்தின் பின்குழுவில்தான் தோரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடி வந்தது. உங்கள் லென்ஸ் இவ்வளவு மஞ்சளாக இருப்பதே அது ஏழு கண்ணாடி என்பதற்குச் சாட்சி. ஒளிவிலகல் எண்ணை உயர்த்தி, நிறப்பிரிகையைக் குறைவாக வைத்திருக்கத்தான் தோரியத்தைச் சேர்த்தார்கள். அதன் கதிர்வீச்சு கண்ணாடியின் அணுக்கட்டமைப்பில் சிறு குறைகளை உண்டாக்குகிறது. அவை நீல ஒளியை விழுங்குவதால் கண்ணாடி மஞ்சளாகத் தெரிகிறது. புற ஊதா ஒளி பட்டால் அந்தக் குறைகள் ஆறி, நிறம் வெளுக்கும். தோரியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 1400 கோடி ஆண்டு. ஆகவே லென்ஸை இருட்டில் பூட்டி வைத்தால் சில ஆண்டுகளில் மஞ்சள் மெல்லத் திரும்பும். மறுபடி வெளுத்துக்கொள்ளலாம்.

வெயிலில் வைப்பதைப் பலரும் சொல்வார்கள். உங்கள் லென்ஸுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கறுப்பு உலோகக் குழல் வெயிலில் கடுமையாகச் சூடேறும். சூட்டில் ஹெலிகாய்டு (ஃபோகஸ் வளையம் சுற்றும்போது கண்ணாடிகளை முன்னும் பின்னும் நகர்த்தும் மரைக்குழல்) கிரீஸ் இளகி எண்ணெய் பிரிந்து இன்னும் அதிகமாகப் பிளேடுக்கு வரும். ஏற்கெனவே எண்ணெய் ஊறிய லென்ஸ் இது. தவிர, எஃப்1.4 லென்ஸ் வெயிலைக் குவித்தால் திரைச்சீலை பற்றிக்கொள்ளும். ஆளில்லாத வீட்டு ஜன்னலில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

365 முதல் 395 நானோமீட்டர் வரை தரும் யூவி எல்இடி விளக்கு போதும். பின்குழுவைத் தனியாகக் கழற்றிய பிறகு, கீழே அலுமினியத் தாள் விரித்து அதன்மேல் வைத்து, சில சென்டிமீட்டர் மேலே விளக்கைப் பொருத்துங்கள். தாள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் இரு பக்கமும் வேலை நடக்கும். விளக்கின் வலுவைப் பொறுத்துச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும். தினமும் ஒருமுறை வெள்ளைத் தாளில் ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றம் நின்றதும் நிறுத்திவிடலாம். முழு வெள்ளை வராவிட்டாலும் டிஜிட்டலில் வொயிட் பேலன்ஸ் பார்த்துக்கொள்ளும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இலேசான மஞ்சள் ஃபில்டர் போட்ட பலன். அதற்காக மட்டும் என்றால் வெளுக்கவே வேண்டாம். விளக்கைக் கண்ணால் நேராகப் பார்க்காதீர்கள்.

கதிர்வீச்சு பயம் அளவோடு போதும். கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதில் கவலை இல்லை. ஆபத்து, கண்ணாடி தூளாகி மூச்சில் போவதில்தான் இருக்கிறது. பூஞ்சைத் தடத்தையோ கீறலையோ சீரியம் ஆக்சைடு போட்டுத் தேய்க்கும் காணொளிகளைப் பார்த்து இந்தப் பின்கண்ணாடியில் முயற்சி செய்யவே கூடாது. கண்ணாடிமேல் உள்ள எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சும் போகும், தோரியத் தூளும் கிளம்பும். உடைத்து எறிவதும் வேண்டாம்.

---

வெயில்நிழல்

இருவருக்கும் நன்றி. டார்ச்சு சோதனை செய்தேன். பூஞ்சை முழுவதும் பிளேடுக்கு முன்னால்தான், 16இல் மறையவில்லை. பிளேடை ஒட்டிய பரப்புகளில் இலேசான பால் மூட்டம் உண்டு. பின்குழுவில் ஓரத்தில் ஒரே ஓர் இடத்தில் 1 மிமீ அகலத்துக்கு வானவில் நிறம் தெரிகிறது, நடுவை நோக்கி வரவில்லை. தெருவிளக்குச் சோதனையில் நாலு மூலையும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான்.

அந்த வானவில்லைப் பார்த்ததும் மனம் விட்டுப்போனது. ஒட்டைப் பிரித்து மறுபடி ஒட்டலாம் என்கிறார்களே, செய்யலாமா?

---

ஓரக்கறுப்பு

வேண்டாம் அண்ணா. 1 மிமீ ஒட்டு விலகல் ஓரத்தில் நின்றால் அதைத் தொடக்கூடாது. அபர்ச்சரை இரண்டு ஸ்டாப் (படி) சுருக்கினாலே அந்த ஓரம் பிளேடுக்குப் பின்னால் மறைந்துவிடும். 1.4இலும் எதிர்வெளிச்சத்தில் கொஞ்சம் மாறுபாடு குறையும், அவ்வளவுதான். ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

மறுபடி ஒட்டுவது ஏன் இங்கே சரிவராது என்றால்: பழைய பால்சம் (மரப்பிசின்) ஒட்டைச் சூடாக்கிப் பிரிக்கலாம், ஆனால் இரண்டு கண்ணாடியும் வெவ்வேறு வேகத்தில் விரியும், சூட்டைக் கொஞ்சம் அவசரமாக ஏற்றினால் விரிசல். செயற்கைப் பிசின் என்றால் சூட்டுக்கு மசியாது, மெத்திலீன் குளோரைடு போன்ற நச்சுக் கரைப்பான் வேண்டும். பிரித்த பிறகு நார்லண்ட் 61 மாதிரி யூவி பிசினால் ஒட்டுவது எளிது. மையம் சேர்ப்பதுதான் கடினம். 1.4 லென்ஸில் மயிரிழை விலகினாலும் படம் முழுக்க மங்கும். ஒட்டு விலகல் நடு வரைக்கும் வந்த, எப்படியும் தூக்கிப் போடப்போகும் டப்ளெட்டில் மட்டும் அதை முயன்று பார்க்கலாம்.

நிறைய பேர் கவனிக்காத ஒன்று: ஒட்டுக்கண்ணாடியை எந்தத் திரவத்திலும் ஊற வைக்காதீர்கள். ஆல்கஹால் ஓரம் வழியாக ஒட்டுக்குள் ஏறும். 1 மிமீ விலகல் அப்படித்தான் 5 மிமீ ஆகிறது. கண்ணாடியின் விளிம்பில் பூசிய கறுப்பும் ஆல்கஹாலில் கரைந்து வரும். அது போனால் உள்ளுக்குள் ஒளி எதிரொளித்துப் படம் வெளுக்கும். போய்விட்டால் மங்கிய கறுப்பு இந்தியன் இங்க்கை மெல்லிய பிரஷ்ஷால் பூசுங்கள்.

பின்கண்ணாடிக் கீறலுக்கும் அதே இங்க். பின்பக்கக் கீறல் முன்பக்கத்தைவிட அதிகம் தொந்தரவு தரும், ஆனால் 3 மிமீ ஒற்றைக் கோடு என்றால் கறுப்பு நிரப்பினால் ஒளி சிதறாது. பல்குச்சி முனையால் கீறலுக்குள் மட்டும் விட்டு, காய்ந்ததும் மேலே பரவியதை ஈரத்துணியால் துடையுங்கள்.

---

மரைப்பிடி

அப்படின்னா பிரிக்கலாம். நடு வரைக்கும் ஒட்டு விட்டிருந்தாலோ, மையம் விலகியிருந்தாலோ, பின்குழுப் பூச்சை பூஞ்சை அரிச்சிருந்தாலோ நான் நிறுத்தச் சொல்லியிருப்பேன். மூணும் இல்லை. முன்குழுவில் மட்டும் இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி: பூஞ்சை வெளியிடுற அமிலம் பூச்சைத் தின்னிருக்கா இல்லையாங்கிறது துடைச்சாத்தான் தெரியும். தின்னிருந்தாலும் மெல்லிய தடமா நின்னா படத்துல தெரியாது. இது ஏராளமா செஞ்ச லென்ஸ், முன்குழு நல்லா இருந்து பின்குழு போன உதிரிப் பிரதி கிடைக்கும்.

பணக் கணக்கு: சுத்தமான பிரதி இன்னிக்கு விக்கிற விலையிலிருந்து இதை இப்படியே வித்தா வர்றதைக் கழிங்க. மிச்சம்தான் உங்க பட்ஜெட். கடையில் முழுசா சர்வீஸ் கொடுத்தா பெரும்பாலும் அதைத் தாண்டிடும். நீங்களே செய்யறதுன்னா கருவிக்கு மட்டும் செலவு, அது அடுத்த லென்ஸுக்கும் ஆகும். இந்த ஒண்ணோட நிறுத்தப் போறீங்கன்னா, நேர்மையாச் சொல்றேன், நல்ல பிரதி வாங்குறதுதான் மலிவு.

கருவி: ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) தலை ஸ்க்ரூடிரைவர், வெசல் கம்பெனியோடது மாதிரி. ஜப்பான் லென்ஸ் திருகில் ஃபிலிப்ஸ் போட்டா தலை வழுக்கிச் சிதைஞ்சிடும். இரண்டு முனை ஸ்பேனர், ரப்பர் கூம்பு, லைட்டர் நாப்தா, 99 சதவீத ஐசோபுரொப்பைல், லென்ஸ் டிஷ்யூ, ஹெலிகாய்டு கிரீஸ்.

முதல் வேலை நசுங்கல். பேர் எழுதின வளையம் ஃபில்டர் மரைக்கு உள்ளே இருந்து ரப்பரால திருகித்தான் வெளியே வரணும். நசுங்கின இடத்துல அது மாட்டிக்கும். லென்ஸ் வைஸ் (வளையத்தை உள்ளிருந்து விரிக்கிற கருவி) இருந்தா நல்லது, இல்லைன்னா 49 மிமீ வளைவுக்கு இழைச்ச கெட்டி மரத்துண்டை உள்ளே கொடுத்து ரப்பர் சுத்தியலால தட்டுங்க. முழு வட்டத்துக்கு ஆசைப்படாதீங்க. அலுமினியம் இரண்டாவது வளைப்புல வெடிக்கும். வளையம் வெளியே வந்தா போதும்.

இறுகின திருகுக்கு அசிட்டோன் ஒரு சொட்டு, ஊசி முனையில். எழுத்துக்கு நிரப்பின பெயின்ட் மேல பட்டா கரைஞ்சிடும். அதுக்கும் அசையலைன்னா சால்டரிங் அயர்ன் முனையைத் திருகுத் தலையில் சில நொடி வையுங்க, திருகு கழலாம இருக்கப் பூசின அரக்கு இளகும்.

பின்பக்கம் வெட்டுள்ள வளையம் ஒண்ணுக்கு மேல தெரியும். உள் வளையம் கடைசிக் கண்ணாடியை மட்டும் விடுவிக்கும், வெளி வளையம் குழுவை முழுசா எடுக்கும். வெளியதைத்தான் திருகணும். ஸ்பேனரை ஊன்றிப் பிடிங்க; வழுக்கினா இன்னொரு 3 மிமீ கீறல்.

---

ஓரக்கறுப்பு

பூஞ்சைக் கரைசல்: 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் வீட்டு அம்மோனியாவும் சரிபாதி. மருந்துக்கடையில் பெரும்பாலும் 6 சதவீதம் தருவார்கள். காய்ச்சி வடித்த நீரைச் சம அளவு சேருங்கள். அம்மோனியா 25 சதவீத லேப் பாட்டில் என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர். அவ்வப்போது கலந்து அப்போதே பயன்படுத்துங்கள், மூடிய பாட்டிலில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். பிளீச்சிங் திரவத்தை அம்மோனியா பக்கமே கொண்டுவராதீர்கள்.

டிஷ்யூவை நனைத்துத் தனிக்கண்ணாடி மேல் ஐந்து நிமிடம் போர்த்தி, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழற்றித் துடைத்து, காய்ச்சி வடித்த நீர், கடைசியில் ஐசோபுரொப்பைல். இரண்டு முறைக்குப் பிறகும் அதே கோடு நின்றால் அது தடம், பூஞ்சை அல்ல. மேலும் தேய்த்தால் பூச்சுதான் போகும். இது 1971க்கு முந்தைய ஒற்றைப் பூச்சு. போன இடம் தனியாகத் தெரியும்.

மரைப்பிடியிடம் ஒரு மாற்றுக்கருத்து. ஹெலிகாய்டைப் பிரிக்கவே வேண்டாம் என்கிறேன். ஃபோகஸ் கனம்தான், சிக்கவில்லை. முதல் முறை பிரிப்பவருக்குப் பல தொடக்கமுள்ள மரையை (பல இடங்களில் எதிலிருந்தும் ஏறத் தொடங்கும் மரை) சரியாகச் சேர்ப்பதுதான் பெரிய பொறி. பிளேடை மட்டும் கழுவி, எம் நிலையில் மிரர்லெஸ்ஸில் பயன்படுத்தினால் எண்ணெய் ஒரு பொருட்டே இல்லை.

---

மரைப்பிடி

மிரர்லெஸ் மட்டும்னா ஒத்துக்கறேன். அவர் ஸ்பாட்மேட்டிக்கும் சொல்லியிருக்கார். ஆட்டோ நிலையில் ஷட்டர் திறக்கிறதுக்குள்ள பிளேடு மூடணும். தாமதிச்சா வெளிச்சம் அதிகமாகிப் படம் வெளுத்துடும். அதோட அந்த எண்ணெய் எங்கே இருந்து வருது? ஹெலிகாய்டில் பிரிஞ்ச கிரீஸிலிருந்துதான். ஊற்றை விட்டுட்டு பிளேடை மட்டும் கழுவினா சில மாசத்துல திரும்பி வரும், கண்ணாடி மூட்டமும் திரும்பி வரும்.

ஆனா இரண்டு கட்டமாப் பண்ணலாம். இப்போ கண்ணாடியும் பிளேடும். எண்ணெய் திரும்பி வந்தா, அதற்குள்ள கை பழகியிருக்கும், அப்போ ஹெலிகாய்டு.

பிளேடைக் கழுவும்போது இரு பக்கக் கண்ணாடியும் வெளியே இருக்கணும், இல்லைன்னா கரைஞ்ச எண்ணெய் கண்ணாடிக்குத்தான் போகும். நாப்தா சில சொட்டு, அபர்ச்சரைத் திறந்து மூடி, டிஷ்யூ முனையால உறிஞ்சு எடுங்க. டிஷ்யூவில் கறை வராத வரைக்கும் திரும்பத் திரும்ப. பிளேடுகளைக் கழற்றாதீங்க, எண்ணெய் எதுவும் போடாதீங்க. அவை உலர்ந்தே ஓடணும். காய்ஞ்சப்புறம் ஊசியை அழுத்தினா 'டக்'னு மூடணும்.

ஹெலிகாய்டுக்கு வரும்போது: முடிவிலியில் வெர்னியரால குழலின் நீளத்தை அளந்து எழுதுங்க. சுத்திக்கிட்டே வந்து இரண்டு குழலும் விடுபடுற அந்தப் புள்ளியில் இரண்டிலும் நேருக்கு நேர் ஊசியால கோடு போடுங்க. மாத்தித் தொடங்கினா மரை வழுக்கிக்கிட்டு அழகாத்தான் ஏறும், ஆனா முடிவிலி வராது. பழைய கிரீஸை நாப்தாவில் துளி விடாம எடுத்துட்டு, புதுசை கடுகளவு எடுத்துப் பல்லிடுக்கில் மெல்லிசாப் பரப்புங்க. அதிகம் போட்டா மறுபடி பிளேடுக்குத்தான் போகும்.

---

வெயில்நிழல்

புரிந்தது. முன்குழு, பிளேடு, பின்குழுவுக்கு யூவி: இப்போதைக்கு இவ்வளவுதான். ஒட்டைத் தொட மாட்டேன், ஹெலிகாய்டைப் பிறகு பார்க்கிறேன். முன்குழுவைக் கழற்றும்போது கண்ணாடிகள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று குழம்பாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

---

ஓரக்கறுப்பு

எடுக்கும்போதே ஒவ்வொரு கண்ணாடியின் விளிம்பிலும் மென்பென்சிலால் முன்பக்கம் நோக்கி ஓர் அம்பு. உலோக இடைவளையங்களுக்கும் அதே. சில வளையங்களில் ஒரு பக்கம் சரிவாக இருக்கும். புரட்டிப் போட்டால் கண்ணாடி சாய்ந்து உட்காரும், திருகும்போது ஓரம் செதில் விடும். கழற்றிய வரிசையிலேயே டிஷ்யூ விரித்த தட்டில் இடமிருந்து வலமாக வைத்துப் படம் எடுங்கள்.

கண்ணாடி குழலுக்குள் சரியாக விழாமல் மாட்டிக்கொண்டால் அழுத்தாதீர்கள். குழலைக் கவிழ்த்து உள்ளங்கையில் இலேசாகத் தட்டினால் வெளியே வரும். மறுபடி நேராக இறக்குங்கள். வளையத்தை இறுக்கும் முன் முதலில் எதிர்ப்பக்கம் கால் சுற்று சுற்றி, மரை 'டொக்' என்று விழுந்ததும் இறுக்கும் பக்கமாகத் திருகுங்கள்.

பூஞ்சை பிடித்த பை, பழைய தோல் உறை, மூடி எதையும் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பதமானியும் போட்டு 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். துடைத்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டார்ச்சு அடித்துப் பாருங்கள். புது நூல் கிளம்பினால் முன்குழுவை மட்டும் மறுபடி எடுத்தால் போதும்.